பெரிய உடலோடு உடற்பயிற்சி தொடங்குபவர்களுக்கு: காகிதம், செலவு, காலம்

உடல் பெருத்த ஒருவர் உடற்பயிற்சி செய்யப் புறப்பட்டால் அவருக்கு முதலில் கிடைப்பது எடைக் குறைப்பு அறிவுரைதான். எந்தக் காலணி பொருந்தும், எந்த இயந்திரம் தாங்கும், நீச்சல் குளத்தில் என்ன காகிதம் கேட்பார்கள், ஜிம்மில் எந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்று யாரும் சொல்வதில்லை. சென்னையில் இவற்றை ஒவ்வொன்றாக அலைந்து தெரிந்துகொண்டவள் நான். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. உங்கள் உடலைச் சோதித்துப் பார்த்த மருத்துவர் வேறு சொன்னால் அதையே கேளுங்கள்.

ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். எடை குறைந்த பிறகு உடற்பயிற்சிக்குப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். தசை வேலை செய்யும்போது ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. ஒரு முறை செய்த பயிற்சியின் பலன் ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். ரத்த அழுத்தம், தூக்கம், மன அமைதி, மூட்டைத் தாங்கும் தசையின் வலு ஆகியவை எடைக் கருவியின் முள் நகராதபோதும் மேம்படுகின்றன. ஆகவே இந்தக் கட்டுரையில் எத்தனை கிலோ குறையும் என்ற பேச்சே வராது.

1. மருத்துவரிடம் போகும்போது

வாசலிலிருந்து தெருமுனைவரை மெதுவாக நடக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, ஆஸ்துமா, மூட்டு வலி இவற்றில் ஏதாவது இருந்தாலோ, நாற்பதைத் தாண்டி நெடுநாள் அதிகம் நடமாடாமல் இருந்திருந்தாலோ, ஜிம்மிலோ குளத்திலோ சேரப்போகிறீர்கள் என்றாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் பேச்சு எடைக்குப் போய்விடும். அதற்கு முன்பே வந்த காரணத்தைச் சொல்லிவிடுங்கள்: “டாக்டர், நான் உடற்பயிற்சி தொடங்கப்போகிறேன். என் இதயமும் மூட்டுகளும் எதைத் தாங்கும், நான் எதைச் செய்யக் கூடாது என்று பார்த்துச் சொல்லுங்கள்.” பேச நா எழாது என்றால் காகிதத்தில் எழுதி மேசையில் வைத்துவிடலாம். முழங்கால் வலிக்கு “எடையைக் குறையுங்கள்” என்பது மட்டுமே பதிலாக வந்தால், “மெலிந்த ஒருவர் இதே வலியோடு வந்தால் அவருக்கு என்ன சிகிச்சை கொடுப்பீர்கள்? அதை எனக்கும் கொடுங்கள்” என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். தொடை, இடுப்புத் தசைகளை வலுவாக்கும் பயிற்சிக்காக அவர் உங்களைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பினால் அது பெரிய உதவி. என் பகுதியில் பிசியோதெரபி ஒரு அமர்வுக்கு 400 முதல் 800 ரூபாய்வரை கேட்டார்கள். நாலைந்து அமர்வுகளில் பயிற்சிகளைக் கற்றுக்கொண்டு வீட்டில் தொடரலாம். “பத்து அமர்வுக்கு முன்பணம்” என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இப்போது ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றும் பட்டையைப் பற்றி. பெரும்பாலான கிளினிக்குகளில் ஒரே அளவுப் பட்டைதான் இருக்கும். கை பருமனாக இருந்து பட்டை சிறியதாக இருந்தால், உண்மையில் இருப்பதைவிட அழுத்தம் அதிகமாகக் காட்டும். அதை நம்பித் தேவையில்லாத மாத்திரைகூட எழுதப்படலாம். வீட்டிலேயே தையல் டேப்பை எடுத்து, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை அளந்துகொண்டு போங்கள். 27 முதல் 34 செ.மீ.வரை சாதாரணப் பெரியவர் பட்டை போதும். 35 முதல் 44 செ.மீ. என்றால் பெரிய பட்டை வேண்டும். அதற்கும் மேல் என்றால் தொடைக்கான பட்டையைக் கையில் கட்டுவார்கள். “எனக்குப் பெரிய பட்டை வேண்டும்” என்று கேட்பது உங்கள் உரிமை. வீட்டுக்குக் கருவி வாங்கினாலும் பெட்டியில் 22–42 செ.மீ. என்று போட்டிருக்கிறதா எனப் பாருங்கள். மலிவான கருவிகளோடு வரும் பட்டை பெரும்பாலும் 32 செ.மீ.யோடு நின்றுவிடும்.

குறட்டை பலமாக இருந்து, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூக்கம் சொக்கினால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு இருந்தால் காலை நடைக்கு எழுவதே முடியாமல் போகும். அதைச் சோம்பல் என்று நினைத்து உங்களையே திட்டிக்கொண்டிருப்பீர்கள். அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

கிளம்பும் முன் தகுதிச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். பின்னால் அதற்கென்று மறுபடி போய் இன்னொரு முறை கட்டணம் கட்ட வேண்டாம். அதில் மருத்துவரின் பதிவு எண், தேதி, கையெழுத்து, முத்திரை நான்கும் இருக்க வேண்டும். “உடற்பயிற்சிக்கும் நீச்சலுக்கும் தகுதியானவர்” என்று இரண்டையும் ஒரே தாளில் எழுதச் சொல்லுங்கள். செய்யக் கூடாத அசைவுகள் இருந்தால் (குதித்தல், தலைகீழ் ஆசனம், தரையில் மண்டியிடுதல் போன்றவை) அவற்றையும் அதிலேயே குறிக்கச் சொல்லுங்கள். ஜிம் பயிற்சியாளர் “ஒன்றும் ஆகாது, குதியுங்கள்” என்று வற்புறுத்தும்போது நீங்கள் வாதாட வேண்டியதில்லை. தாளை நீட்டினால் போதும்.

2. பரிசோதனைகள்

ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இலவசமாகப் பார்ப்பார்கள். வீட்டில் 45 வயது கடந்தவர்கள் இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் வீடு தேடி வந்தும் பார்க்கிறார்கள். அத்திட்டத்தில் பிசியோதெரபியும் உண்டு.

தனியார் ஆய்வகத்தில் செய்தால் கேட்க வேண்டியவை நான்கு: முழு ரத்த எண்ணிக்கை, மூன்று மாத சர்க்கரை அளவான ஹெச்பிஏ1சி, தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச்., கொழுப்பு அளவுகள். தனித்தனியாகப் போனால் எல்லாம் சேர்ந்து 1,500 முதல் 2,500 ரூபாய்க்குள் முடிய வேண்டும். ஐயாயிரம் ரூபாய்க்கு எழுபது பரிசோதனை என்ற தொகுப்பு தேவையில்லை. ரத்தசோகையும் தைராய்டும் நம் பெண்களிடம் மிகுதி. படியேறினால் மூச்சு வாங்குவதற்கு எடைதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஹீமோகுளோபின் குறைவாக இருப்பது பிறகுதான் தெரியவரும். அதனால் இந்தப் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

இன்சுலினோ, கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவர்கள் பயிற்சி நாள்களில் அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நடக்கும்போது கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டல் வந்து சர்க்கரை 70க்குக் கீழே போயிருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

3. காலணி, உடை, தோல்

பயிற்சியை விட்டுவிடுபவர்களில் பலர் குதிகால் வலியாலும் தொடை உராய்வாலும்தான் விடுகிறார்கள். மனவுறுதிக் குறைவு என்று அவர்கள் தலையில் பழி விழுகிறது. இந்த இரண்டையும் தொடக்கத்திலேயே தடுத்துவிட முடியும்.

காலணியை மாலையில் வாங்குங்கள். பகல் முழுதும் நின்று கால் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது; அந்தக் காலுக்குப் பொருந்துவதுதான் நடக்கும்போதும் பொருந்தும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். நம்மில் பலருக்குப் பாதம் அகலம். கடைக்காரர் அதற்கு ஒரு எண் கூட்டிக் கொடுப்பார்; அது நீளத்தைத்தான் கூட்டும், குதிகால் வழுக்கும். ‘2இ’, ‘4இ’ என்ற அகலக் குறியீடு உள்ளவற்றைக் கேளுங்கள். நியூ பேலன்ஸ், ஆசிக்ஸ் ஆகியவற்றில் அகலப் பாத வகைகள் வருகின்றன. கடையில் இல்லாவிட்டால் இணையத்தில் கிடைக்கும். மாற்றிக்கொள்ளும் வசதி உள்ள இடத்தில் வாங்குங்கள். இதற்கு 4,000 முதல் 9,000 ரூபாய்வரை ஆகலாம். பரிசோதனையைப் போலவே இதிலும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். மிக மென்மையான, அமுங்கிப்போகும் அடிப்பகுதி அதிக எடையில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். கடையிலேயே போட்டு நடந்து, வீட்டாரைப் பின்னால் நிற்கவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

காலையில் படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியிலேயே குதிகால் குத்துகிறதா? அது பாத அடிச்சவ்வு அழற்சியாக இருக்கலாம். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காமல் மென்செருப்பு அணியுங்கள், நடைத் தூரத்தைப் பாதியாக்குங்கள், கெண்டைக்காலை இழுத்து நீட்டும் பயிற்சி செய்யுங்கள். வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தொடை உராய்வுக்கு, சுடிதாருக்கு உள்ளே முழங்கால்வரை வரும் சைக்கிள் ஷார்ட்ஸ் போதும். 300 ரூபாயிலிருந்து கிடைக்கிறது. அதுவும் இல்லாத நாளில் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். மார்புக்கு அடியிலும் வயிற்று மடிப்பிலும் வியர்வை தேங்கிச் சிவந்தால், குளித்ததும் மென்துணியால் ஒற்றி முழுதாக உலரவிடுங்கள். அரிப்போ வாடையோ இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். தோல் மருத்துவர் தரும் களிம்பில் சரியாகிவிடும். மருந்துக் கடையில் ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கொடுப்பார்கள். முதலில் சுகமாக இருக்கும், பிறகு தொற்று பரவும். வாங்காதீர்கள்.

பெண்களுக்கு: விளையாட்டு உள்ளாடையை ‘எக்ஸ்எல்’, ‘டபுள் எக்ஸ்எல்’ என்ற அளவில் வாங்காமல், மார்புக்குக் கீழ்ச் சுற்றளவு, கப் அளவு இரண்டும் போட்டதாக வாங்குங்கள். பின்னால் கொக்கி உள்ளது நல்லது. தலைவழியாகப் போடுவதை வியர்வையோடு கழற்றுவது பெரும்பாடு.

4. இடம்

பணம் செலவழிக்காமல் தொடங்கப் பூங்காவே போதும். மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்கா, தியாகராய நகர் பனகல் பூங்கா, அண்ணா நகர் டவர் பூங்கா போன்றவற்றில் நடைபாதையும் அடிக்கடி உட்கார பெஞ்சும் உண்டு. பெஞ்சுக்குப் பெஞ்சு நடப்பது முழுமையான பயிற்சி முறை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடற்கரை மணலில் தொடங்காதீர்கள், கணுக்காலுக்கு ஆகாது. மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதை அமைத்த ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் 2023 நவம்பரில் தொடங்கியது. அந்த 8 கி.மீ. முழுவதையும் முடித்தாக வேண்டும் என்றில்லை. அரை கிலோமீட்டர் போய்த் திரும்பி வந்தாலும் பாதை உங்களுடையதுதான். பூங்காக்களில் உள்ள திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகளில் ஏறும் முன், அடித்தளம் ஆடுகிறதா, திருகு கழன்றிருக்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நான் மனதாரச் சொல்வது தண்ணீரைத்தான். இடுப்பளவு நீரில் நின்றால் உடல் எடையில் ஏறக்குறைய பாதியைத்தான் கால்கள் தாங்குகின்றன. நெஞ்சளவு நீரில் இன்னும் குறைவு. நீந்தத் தெரிய வேண்டியதில்லை. ஆழமில்லாத பக்கத்தில் முன்னும் பின்னும் நடந்தாலே தொடைத் தசை நன்றாக வேலை செய்யும். நிலத்தில் பத்து நிமிடத்தில் களைத்துவிடும் ஒருவர் நீரில் அரை மணி நேரம் இருப்பார், வெளியே வரும்போது வலியும் இருக்காது. சென்னையில் மெரினா நீச்சல் குளம் மாநகராட்சியுடையது. வேளச்சேரி நீச்சல் வளாகம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துடையது. இத்தகைய பொதுக் குளங்களின் கட்டணம் தனியார் குளங்களைவிட மிகக் குறைவு. பொதுவாகக் கேட்பது ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள், மருத்துவச் சான்றிதழ். கோடை விடுமுறையில் சிறுவர் கூட்டம் நிறைந்துவிடும். ஜூன் நடுவிலோ ஜூலையிலோ சேர்வது வசதி.

சேரும் முன் நேரில் போய் மூன்றைப் பாருங்கள். பெண்களுக்கான தனி நேரம் எது? ஆழமில்லாத பகுதியில் நடக்க விடுவார்களா, அல்லது நீந்துபவர்களுக்கு மட்டுமா? மூன்றாவதுதான் முக்கியம்: குளத்திலிருந்து ஏறுவதற்குப் படிக்கட்டு இருக்கிறதா, செங்குத்தான இரும்பு ஏணி மட்டுமா? ஏணியில் கை வலுவால் உடலைத் தூக்கி ஏற வேண்டும். நீரிலிருந்து வெளியே வந்ததும் எடை முழுவதும் திரும்ப வந்துவிடும். படிக்கட்டு உள்ள குளம் சற்றுத் தொலைவில் இருந்தாலும் அதையே தேர்ந்தெடுங்கள்.

பருத்தி உடையோடு இறங்கவிட மாட்டார்கள். நைலான் அல்லது லைக்ரா உடையும் தொப்பியும் கட்டாயம். முழங்கால்வரை, கை முழுவதும் மூடும் பெண்கள் நீச்சலுடை ‘5எக்ஸ்எல்’வரை இணையத்தில் கிடைக்கிறது. அளவு அட்டவணையில் எழுத்தைப் பார்க்காமல் அங்குலத்தைப் பாருங்கள்.

யோகா வகுப்பைத் தேர்ந்தெடுக்க ஒரே கேள்வி போதும்: “தரையில் உட்கார முடியாதவருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள்?” நாற்காலி, சுவர், பட்டை, மரக்கட்டை என்று பதில் வந்தால் சேருங்கள். பி.கே.எஸ். ஐயங்கார் வழியில் வந்த ஆசிரியர்கள் இத்துணைக்கருவிகளை இயல்பாகவே பயன்படுத்துவார்கள். “வயிறு குறைந்தால் தானாக வந்துவிடும்” என்று பதில் வந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

5. ஜிம்மில் கையெழுத்துப் போடும் முன்

காலை ஏழு மணிக்கோ மாலை ஏழு மணிக்கோ போய்ப் பார்க்காதீர்கள். காலை பதினொன்றிலிருந்து மூன்றுவரை கூட்டம் இருக்காது. நீங்கள் பயிற்சி செய்யவும் அதுவே நல்ல நேரம். பல இடங்களில் இந்நேரத்துக்குக் கட்டணமும் குறைவு.

ஒவ்வொரு இயந்திரத்திலும் அதிகபட்ச எடை எழுதிய ஒட்டுத்தாள் இருக்கும். டிரெட்மில்லில் பெரும்பாலும் பின்பக்கமோ மோட்டார் மூடியருகிலோ ஒட்டியிருப்பார்கள். வணிகப் பயன்பாட்டு இயந்திரங்கள் பொதுவாக 150 கிலோவும் அதற்கு மேலும் தாங்கும். வீட்டுக்கு விற்கும் மலிவானவை 100, 110 கிலோவோடு நின்றுவிடும். எல்லைக்கு மிக அருகில் இருந்தால் வாங்காதீர்கள். மோட்டார் சூடேறி நிற்கும், பட்டை வழுக்கும். சைக்கிளில், முதுகுச் சாய்வும் அகன்ற இருக்கையும் உள்ள வகை இருக்கிறதா என்று கேளுங்கள். உட்கார்ந்து செய்யும் இயந்திரங்களில் இடுப்பு நுழைகிறதா என்று ஒரு முறை உட்கார்ந்தே பார்த்துவிடுங்கள். பணம் கட்டிய பிறகு தெரிந்து என்ன பயன்?

பணத்துக்கு வருவோம். தெரு ஜிம்களில் மாதம் 1,000 முதல் 2,000 ரூபாய். பெரிய தொடர் நிறுவனங்கள் ஆண்டுக்கு 15,000 முதல் 30,000வரை சொல்லும். தனிப் பயிற்சியாளர் என்றால் மாதம் 5,000க்கு மேல் தனி. “இன்று கட்டினால் மட்டும் இந்த விலை” என்பார்கள். அடுத்த மாதமும் அதே விலைதான் இருக்கும். முதலில் ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள். நான் சேர்ந்த ஓர் இடத்தில், என் அனுமதி கேட்காமலே இலக்கு எடை என்று ஓர் எண்ணைப் படிவத்தில் எழுதி, அதை அடைய ஆண்டு முழுவதற்கும் தனிப் பயிற்சி வேண்டும் என்றார்கள். விலகியபோது மீதித் தொகையைத் திருப்பித் தரவில்லை. அந்த அனுபவத்திலிருந்து, படிவத்தில் இவற்றைப் பாருங்கள்:

• பணம் திரும்பக் கிடைக்குமா, எத்தனை நாளுக்குள்? உடல்நலக் குறைவென்றால் சந்தாவை நிறுத்திவைக்க முடியுமா, வேறொருவருக்கு மாற்ற முடியுமா? வாய்மொழியாகச் சொன்னதைப் படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

• உங்கள் புகைப்படத்தையும் எடை விவரத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்ற வரி. இது சிறிய எழுத்தில் இருக்கும். அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டுப் படிவத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் என்று சுவரில் தொங்கும் படங்களில் பலரின் அனுமதி இப்படி வாங்கப்பட்டதுதான்.

• ‘வட்டியில்லாத் தவணை’. இது பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கொடுக்கும் கடன். ஜிம் மூடப்பட்டாலும் தவணை நிற்காது. ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

• ரசீது. பயிற்சியாளரின் சொந்த எண்ணுக்கு யு.பி.ஐ. அனுப்பாமல் நிறுவனத்தின் பெயருக்கே கட்டி, வரி எண் போட்ட ரசீது வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம், யோகா மையங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய விகிதத்தில் ரசீது போட்டால் கேளுங்கள்.

தகராறு வந்தால் முதலில் எழுத்தில் ஒரு கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய்வரையான வழக்குக்கு மனுக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

சேர்ந்த முதல் நாளில் பயிற்சியாளரிடம் ஒரு வாக்கியம்: “நான் வலுவாகவும் மூச்சு வாங்காமலும் இருக்க வந்திருக்கிறேன். என் எடை, சாப்பாடு பற்றிப் பேச வேண்டாம்.” நல்ல பயிற்சியாளருக்கு இது வேலையை எளிதாக்கும். உடலில் கொழுப்பும் தசையும் எவ்வளவு என்று அளக்கும் கருவியில் இலவசமாக ஏறச் சொன்னால் மறுக்கலாம். நீங்கள் குடித்த தண்ணீரைப் பொறுத்தே அதன் எண்கள் மாறும்; அந்தத் தாளைக் காட்டித்தான் தனிப் பயிற்சியையும் புரதப் பொடியையும் விற்பார்கள்.

6. முதல் மூன்று மாதம்

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது: பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி, கூடவே இரண்டு நாள் தசை வலுப் பயிற்சி. பத்து நிமிடத்துக்குக் குறைந்த நடை கணக்கில் சேராது என்ற பழைய நிபந்தனை இப்போது இல்லை. மூன்று நிமிடமும் சேரும். 150 என்பது நீங்கள் போய்ச் சேர வேண்டிய இடம், புறப்படும் இடமன்று.

முதல் இரண்டு வாரம்: சமதரையில் ஒரு நாளைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். இன்னும் நடக்கலாம் போலிருக்கும்போதே நிறுத்துங்கள். பலரும் முதல் நாள் ஆர்வத்தில் ஒரு மணி நேரம் நடந்து, முழங்கால் வீங்கி, அடுத்த வாரம் முழுதும் படுத்துவிடுகிறார்கள்.

மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம்வரை: 15–20 நிமிடம். இதோடு வாரம் இரு நாள், கீழே சொன்ன நான்கு அசைவுகள். ஒவ்வொன்றும் எட்டு முறை, நடுவில் ஓய்வெடுத்து இரண்டு சுற்று.

நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்கார்தல் (முடியாவிட்டால் தொடையில் கை ஊன்றலாம், இருக்கை மேல் ஒரு தலையணை போட்டு உயர்த்தினால் எளிதாகும்). சுவரில் கை வைத்துத் தண்டால். ரப்பர் பட்டையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டி நெஞ்சை நோக்கி இழுத்தல். ஒரு பட்டை 300 ரூபாய்தான். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குதல். நாற்காலி மரத்திலோ இரும்பிலோ ஆனதாக, சுவரில் ஒட்டியபடி இருக்கட்டும். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம்.

ஏழாம் வாரத்துக்குப் பிறகு 25–30 நிமிடம். முடிந்தவர்கள் படி ஏறலாம். முழங்கால் வலிப்பவர்கள் ஏறுவதைவிட இறங்குவதில் கவனமாக இருங்கள். லிஃப்ட் இருந்தால் படியில் ஏறிப்போய் லிஃப்டில் இறங்குங்கள்.

வேகத்தை எப்படி அறிவது? பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். கைக்கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பை நம்ப வேண்டாம். மெட்டோபுரோலால், அட்டெனோலால் போன்ற ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது. சர்க்கரை உள்ளவர்கள் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள்.

சென்னையில் ஏப்ரல், மே மாதங்களில் காலை ஆறரைக்குள் வீடு திரும்பிவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர்வரை மழையில் பாதை வழுக்கும். அந்த நாளுக்கென்று வீட்டுக்குள் செய்யும் நாற்காலிப் பயிற்சியை முன்பே பழகிவைத்திருங்கள். பயிற்சி தொடங்கும் அதே வாரத்தில் பட்டினியையும் தொடங்காதீர்கள். வெறும் வயிற்றில் தலை சுற்றினால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

7. உடனே நிறுத்த வேண்டியவை

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் தசை வலிப்பது இயல்பு. மூன்று நாளில் போய்விடும். மூட்டு வீங்கினாலோ, ஒரே புள்ளியில் குத்தினாலோ, இரவில் வலி எழுப்பினாலோ அது வேறு. ஓய்வெடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, நின்ற பிறகும் அடங்காத மூச்சிரைப்பு, மயக்கம், ஒரு காலில் மட்டும் வீக்கத்தோடு வலி இவற்றில் எது வந்தாலும் அங்கேயே உட்காருங்கள், 108ஐ அழையுங்கள். வாயுதான் என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். பெண்களுக்கு இதயக் கோளாறு நெஞ்சுவலியே இல்லாமல், வெறும் அசதியாகவும் குமட்டலாகவும்கூட வரும்.

8. வீட்டாரும் தெருவும்

“இவ்வளவு நடந்தும் குறையவில்லையே” என்று அக்கறையோடுதான் கேட்பார்கள். அதே அக்கறையை வேலையாக மாற்றுங்கள்: “காலை ஆறு முதல் ஆறரைவரை அடுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், அத்தை.” பெண்களுக்கு அந்த அரை மணி நேரம் கிடைப்பதுதான் எல்லாச் செலவையும்விடக் கடினம், தொடங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். பூங்காவில் முன்பின் தெரியாதவர் உணவுக் குறிப்பு சொல்ல வந்தால், “நன்றி, என் மருத்துவர் பார்த்துக்கொள்கிறார்” என்று சொல்லி நடையை நிறுத்தாமல் போய்விடலாம். துணைக்கு இன்னொருவர் இருந்தால் இத்தகைய பேச்சு பாதியாகக் குறையும். உங்களைவிட வேகமாக நடப்பவரைத் துணையாகச் சேர்க்காதீர்கள்.

9. எதைக் குறித்துவைப்பது

ஒரு நோட்டில் வாரம் ஒரு முறை இவற்றை எழுதுங்கள்: நிற்காமல் நடந்த நிமிடங்கள், 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எழுந்த எண்ணிக்கை, எந்த மாடியில் மூச்சு வாங்கியது, இரவு எத்தனை முறை விழித்தீர்கள், சரியான பட்டையால் எடுத்த ரத்த அழுத்தம். எடைக் கருவியை எடுத்து உள்ளே வைத்துவிடலாம். இதய, சிறுநீரகக் கோளாறுக்காக மருத்துவர் தினமும் எடை பார்க்கச் சொன்னவர்கள் மட்டும் விதிவிலக்கு.

ஹெச்பிஏ1சி கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுவது. ஆகவே அதை மூன்று மாதம் முடிந்த பிறகு பாருங்கள். ஆறாம் வாரத்தில் பார்த்து மனம் சோர வேண்டாம். அந்த அறிக்கையையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு அதே மருத்துவரிடம் போய், மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். அழுத்தமும் சர்க்கரையும் இறங்கியிருக்கும்போது பழைய அளவிலேயே மாத்திரை தொடர்ந்தால் தலைசுற்றல் வரும். நீங்களாகவும் நிறுத்தக் கூடாது. அன்றே தகுதிச் சான்றிதழையும் புதுத் தேதியில் வாங்கிவிட்டால் குளத்தில் அடுத்த பருவத்துக்குச் சேரும்போது தனியாக அலைய வேண்டியிருக்காது.